இரண்டாம் சுற்று

"தோல்வியே வெற்றிக்கு முதற்படி." இந்த வரியை நம்மில் எத்தனை பேர் இரட்டைக்கோடு நோட்டில் பத்துப் பத்து முறை எழுதியிருப்போம்! எழுதி எழுதிக் கையெழுத்து அழகானதே தவிர, வரியின் பொருள் என் மனத்தில் இறங்கியதில்லை. பத்தாம் வகுப்புப் படித்தபோது, சிதம்பரத்திலிருந்து கடலூருக்குத் திரும்பிய ஒரு மாலைப் பொழுதில் அந்த வரியின்மேல் எனக்குக் கோபமே வந்தது.

அன்று வளையப்பந்துப் போட்டி. நம் பள்ளி மைதானத்தில் வேப்பமரத்தடியில் வலை கட்டி ஆடுகிறோமே, அதே டென்னிகாய்ட்தான். ஒற்றையர் பிரிவில் நம் பள்ளியின் சார்பில் நான் போயிருந்தேன். மூன்று மாதம் காலையும் மாலையும் பயிற்சி. புது கேன்வாஸ் ஷூ. அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம். எல்லாம் இருந்தும் முதல் சுற்றிலேயே 21-8, 21-11 என்று தோற்றேன். சாதத்தைப் பிரிப்பதற்கு முன்பே என் போட்டி முடிந்துவிட்டது!

பேருந்து பி. முட்லூரைத் தாண்டும் வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் வழியே வயலைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக் கொண்டேன். பக்கத்தில் இருந்த விளையாட்டு டீச்சரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆலப்பாக்கம் வந்ததும் நானே சொன்னேன்: "டீச்சர், நான் இனிமே விளையாட வரலை."

வீட்டில் அப்பாவுக்கு இது நல்ல செய்தியாகவே இருந்தது. அவர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறார். கூட்டினால் என்ன வரும், கழித்தால் என்ன மிஞ்சும் என்றுதான் எதையும் பார்ப்பார். "பொதுத்தேர்வு வருது பாப்பா. போதும். விளையாட்டு சோறு போடுமா?" என்றார். அம்மா மட்டும், "தோத்தா என்னடி, போய்ட்டு வந்தியே" என்றார். அந்த ஆறுதலும் எனக்கு அப்போது கசந்தது.

மறுநாள் விளையாட்டு டீச்சர் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். அவரோ, "அடுத்த வாரம் காலைக் கூட்டத்தில் ஒரு விளையாட்டு வீராங்கனையைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். நீ பேசு. நிருபமா வைத்தியநாதன் என்று ஒரு டென்னிஸ் வீராங்கனை. தேடிப் படி" என்றார். எனக்கு சானியா மிர்சாவைத் தெரியும். நிருபமா யார் என்று தெரியாது. வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், ஒருத்திக்கும் தெரியவில்லை.

நூலகக் கணினியிலும் பழைய செய்தித்தாள் நறுக்குகளிலும் தேடித் தேடிக் குறிப்பெடுத்தேன். தோற்றுப்போன என் மனத்துக்கு மருந்தாக வென்றவளின் கதையைத் தருகிறார் டீச்சர் என்றுதான் முதலில் எண்ணினேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அது தோல்வியோடு குடித்தனம் நடத்திய ஒரு பெண்ணின் கதை என்று.

நிருபமா நம் தமிழ்நாட்டுப் பெண். 1976-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தவர். அவருடைய தந்தை ரஞ்சிக் கோப்பைக் கிரிக்கெட் ஆடியவர். மகளுக்கு ஐந்து வயதிலேயே டென்னிஸ் மட்டையைக் கையில் கொடுத்து, தாமே பயிற்சியும் தந்தார். பதினான்கு வயதில், அதாவது ஏறக்குறைய என் வயதில், நிருபமா தேசியப் பெண்கள் பட்டத்தை வென்றார். பிறகு டென்னிஸையே தொழிலாகக் கொள்வது என்று துணிந்தார்.

தோழியரே, இங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். "டென்னிஸையே தொழிலாக" என்று எழுதுவது எளிது. அந்தத் தொழில் எப்படிப்பட்டது என்பதை அறிந்தபோது நான் அயர்ந்தே போனேன்.

மண்டியில் கணக்கு எழுதினால் மாதம் பிறந்ததும் சம்பளம். டென்னிஸ் ஆட்டக்காரிக்குச் சம்பளமே கிடையாது. பயணச் செலவு, தங்கும் செலவு, சாப்பாடு, பயிற்சியாளர் கூலி எல்லாம் அவரவர் பொறுப்பு. வென்றால்தான் பரிசுப் பணம். அந்த நாளில் தொடக்க நிலைப் போட்டிகளில் பரிசுத் தொகை மொத்தமே பத்தாயிரம் டாலர்தான். அதை முப்பத்திரண்டு ஒற்றையர் ஆட்டக்காரிகளும் இரட்டையர் ஆடுவோரும் பிரித்துக் கொள்ள வேண்டும். முதல் சுற்றில் தோற்றவருக்குக் கிடைப்பது விமானச் சீட்டுக்குக் காணாது. அடுத்த வாரம் வேறோர் ஊர், வேறொரு நாடு. அங்கேயும் தோற்றால், அதற்கடுத்த வாரம் இன்னோர் ஊர்.

தர வரிசை என்று ஒன்று இருக்கிறது. வெல்லும் ஒவ்வொரு சுற்றுக்கும் புள்ளிகள் உண்டு. ஆனால் அவை நம் மதிப்பெண் பட்டியல் போல நிலைத்து நிற்பவை அல்ல. 52 வாரம் ஆனதும் பழைய புள்ளிகள் உதிர்ந்துவிடும். சென்ற ஆண்டு இதே வாரம் வென்றவர், இந்த ஆண்டும் வென்றால்தான் இருந்த இடத்தில் இருக்க முடியும். அரையாண்டுத் தேர்வில் எடுத்த மதிப்பெண்ணை அடுத்த அரையாண்டில் அழித்துவிட்டு, "மறுபடி எடு" என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்!

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். அப்பாவின் மகள் அல்லவா! ஆஸ்திரேலியா, பிரான்சு, விம்பிள்டன், அமெரிக்கா ஆகிய நான்கு பெரும் போட்டிகளையும் கிராண்ட் ஸ்லாம் என்கிறார்கள். அவற்றில் பெண்கள் ஒற்றையரில் 128 பேர் ஆடுகிறார்கள். முதல் சுற்று முடிந்ததும் 64 பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். ஏழு சுற்றுகள் வென்றவள் சாம்பியன். ஆக, 128 பேரில் 127 பேர் தோற்றுத்தான் வீடு திரும்புகிறார்கள். ஒரே ஒருத்தி மட்டும் தோற்காமல் திரும்புகிறாள். அந்த ஒருத்தியும் அடுத்த போட்டியில் தோற்கக்கூடும். அப்படியானால் இந்தத் தொழிலில் தோல்வி என்பது எப்போதாவது நேரும் விபத்து அன்று; வாரந்தோறும் வரும் வேலை நாள்! இதை நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்தேன். சிதம்பரத்து 21-8 அப்போதுதான் சற்றே சிறியதாகத் தெரிந்தது.

நிருபமா இந்தத் தொழிலுக்குப் போன 1990-களில் அவருக்கு வழிகாட்ட முன்னால் போனவர்கள் மிகச் சிலரே. 1934-இல் லீலா ராவ் என்ற இந்தியப் பெண் விம்பிள்டனில் ஓர் ஆட்டம் வென்றிருக்கிறார். அது பணம் வாங்காமல் ஆடியவர்களின் காலம். தொழில்முறை ஆட்டக்காரர்களும் கலந்து கொள்ளலாம் என்று 1968-இல் விதி மாறிய பிறகு, கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் எந்த இந்தியப் பெண்ணும் ஒரு சுற்றும் வென்றதில்லை. நிருபமா ஐரோப்பாவுக்குப் போய், லக்ஸம்பர்க் என்ற சிறிய நாட்டில் தங்கிப் பயிற்சி பெற்றார். ஊர் ஊராகப் போய் ஆடினார். நம்மில் பலரைத் தனியாக நெய்வேலிக்கு அனுப்பவே வீட்டில் யோசிப்பார்கள். அவரோ அந்நிய மொழி பேசும் ஊர்களில், தோற்ற அன்று இரவு ஆறுதல் சொல்ல ஆளில்லாமல், மறுநாள் ரயிலுக்கு மூட்டை கட்டியிருப்பார்.

அந்தத் தனிமையை நான் ஒருமுறை கண்ணால் கண்டிருக்கிறேன். கண்டபோது அதன் பொருள் விளங்கவில்லை. 2022 செப்டம்பரில் சென்னை நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் பெண்களுக்கான சர்வதேசப் போட்டி நடந்தது. நான் அப்போது எட்டாம் வகுப்பு. சென்னையில் இருக்கும் சித்தப்பா ஒரு நாள் மாலை என்னை அழைத்துப் போனார். விளக்கொளியில் பச்சை மைதானம், பந்து அடிபடும் ஓசை, கைதட்டல் எல்லாம் எனக்குத் திருவிழா போல் இருந்தது. ஓர் ஆட்டம் முடிந்ததும் வென்றவரைச் சுற்றிக் கூட்டம். தோற்றவர் தம் மட்டைகளைப் பையில் ஒவ்வொன்றாக வைத்து, துண்டை மடித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியே நடந்து போனார். "பாவம்" என்றேன். "பாவம் என்னத்துக்கு? அடுத்த வாரம் இன்னொரு ஊர்ல ஆடுவா" என்றார் சித்தப்பா. அந்த வாரம் அங்கே பட்டம் வென்ற செக் நாட்டு லிண்டா ஃப்ருவிர்தோவாவுக்கு வயது பதினேழு என்பது மட்டுமே அப்போது என் நினைவில் தங்கியது. பையை மடித்து வைத்த அந்தப் பெண் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான் என் நினைவுக்கு வந்தார்.

அந்தத் தொழிலும் பெண்களுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. 1970-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போட்டி ஒன்றில் ஆண்கள் பிரிவில் வெல்பவருக்கு 12,500 டாலர் என்றும், பெண்கள் பிரிவில் வெல்பவருக்கு 1,500 டாலர் என்றும் அறிவித்தார்கள். பில்லி ஜீன் கிங் உள்ளிட்ட ஒன்பது பெண்கள் அங்கே ஆட மறுத்து, ஹூஸ்டன் நகரில் தலைக்கு ஒரே ஒரு டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு தனிப் போட்டியில் ஆடினார்கள். 1973-இல் பெண்கள் டென்னிஸ் சங்கம் உருவானது. அதே ஆண்டில் அமெரிக்க ஓபன் போட்டி ஆணுக்கும் பெண்ணுக்கும் சம பரிசு தந்தது. விம்பிள்டன் அந்த நியாயத்துக்கு வந்து சேர 2007 வரை ஆயிற்று. ஒரு டாலர் வாங்கிய அந்த ஒன்பது பேர் போட்ட பாதையில்தான் கோயம்புத்தூர்ப் பெண்ணும் நடந்தார்.

இப்போது 1998 ஜனவரிக்கு வருவோம். மெல்போர்ன் நகரில் ஆஸ்திரேலிய ஓபன் போட்டி. முதல் சுற்றில் நிருபமா இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை வென்றார். இந்தப் புதிய காலத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் ஒரு சுற்று வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயர் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. ஐந்து வயதில் மட்டை எடுத்ததிலிருந்து கணக்கிட்டால் பதினாறு ஆண்டு உழைப்பு. இரண்டாம் சுற்றில் தோற்றார்.

"அவ்வளவுதானா?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். கோப்பை இல்லை. உலக வரிசையில் அவர் எட்டிய மிக உயர்ந்த இடமும் 134தான். முதல் நூறு பேரில் அவர் பெயர் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகேஷ் பூபதியுடன் சேர்ந்து கலப்பு இரட்டையரில் வெண்கலம் பெற்றார். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் மனீஷா மல்ஹோத்ராவுடன் இரட்டையர் ஆடினார். இதை வைத்து ஐந்து நிமிடம் எப்படிப் பேசுவது என்று டீச்சரிடம் போய் நின்றேன்.

"உலகத்தில் எத்தனை கோடிப் பெண்கள் இருக்கிறார்கள்? அதில் 134 என்பது உனக்குக் கடைசி ரேங்க்காகத் தெரிகிறதா?" என்று டீச்சர் கேட்டார். பிறகு, "2005-இல் என்ன நடந்தது என்றும் பார்" என்றார்.

பார்த்தேன். 2005-இல் அதே ஆஸ்திரேலிய ஓபனில் சானியா மிர்சா மூன்றாம் சுற்று வரை போனார். 2007-இல் உலக வரிசையில் 27-ஆம் இடத்தைப் பிடித்தார். 2015-இல் இரட்டையரில் உலகின் முதல் இடத்துக்கே வந்தார். 2023-இல் ஓய்வு பெறும்போது அவரிடம் இரட்டையர், கலப்பு இரட்டையர் ஆகியவற்றில் ஆறு கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் இருந்தன. நிருபமா இரண்டாம் சுற்றில் நின்ற இடத்திலிருந்து அடுத்தவர் மூன்றாம் சுற்றுக்கு நடந்தார். "இந்தியப் பெண்ணால் முடியுமா?" என்ற கேள்விக்கு 1998-இலேயே ஒரு முறை விடை எழுதப்பட்டிருந்தது. நமக்குப் பெயர் தெரியாத காரணத்தால் அந்த விடை சிறியதாகிவிடுமா?

நிருபமா தம் வாழ்க்கை வரலாற்றுக்கு வைத்த பெயர் எனக்கு மிகவும் பிடித்தது: 'தி மூன்பாலர்'. மூன்பால் என்றால் நிலாப் பந்து என்று வைத்துக் கொள்ளலாம். பந்தை ஓங்கி அறையாமல், வலைக்கு மேலே வெகு உயரத்துக்குத் தூக்கி, எதிராளியின் பின்கோட்டருகே போய் இறங்கும்படி அனுப்புவது. பார்ப்பதற்கு வீரமாக இராது. ஆனால் அப்படி ஆடுகிறவள் அவசரப்படுவதில்லை. எத்தனை முறை திருப்பி வந்தாலும் மறுபடி உயரே அனுப்புகிறாள். எதிரில் இருப்பவள்தான் பொறுமை இழக்கிறாள். நம் வளையப்பந்திலும் இப்படி ஆடுகிறவர்களைப் பார்த்து நாம் சிரித்ததுண்டு. இனிச் சிரிக்க மாட்டேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, திருமணமாகி, அமெரிக்காவில் குடியேறி, ஒரு குழந்தைக்குத் தாயான பிறகு, 2010-இல் தில்லி காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் நிருபமா சஞ்சீவ் என்ற பெயரில் மீண்டும் இந்தியாவுக்காக ஆட வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. நானோ பதினைந்து வயதில், ஒரு போட்டியில் தோற்றதும் ஓய்வு அறிவித்துவிட்டேன்!

காலைக் கூட்டத்தில் பேசும் முன், வீட்டில் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "அந்தப் பொண்ணோட அப்பா விளையாட்டுக்காரரு. அவருக்குத் தெரியும். எனக்கு என்ன தெரியும் பாப்பா?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உண்மைதானே! கற்றுக் கொடுக்க ஒருவர், காசு தர ஒருவர் என்று வாய்த்தவர்களே இந்தத் தொழிலில் தட்டுத் தடுமாறுகிறார்கள். உழைத்தால் எல்லாரும் சானியா ஆகிவிடலாம் என்று நான் எழுதினால் அது பொய். விளையாட்டு சோறு போடுமா என்ற அப்பாவின் கேள்வியும் தவறானது இல்லை. பலருக்குப் போடுவதில்லை. நான் சொன்னது இவ்வளவுதான்: "சோறு போடாட்டியும் பரவாயில்லப்பா. தோத்துட்டேன்னு விடறது மட்டும் வேணாம்னு தோணுது."

அப்பா அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு மொபெட்டை வெளியே எடுக்கும் சத்தம் கேட்டது. "கிளம்பு. ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுக்கணும். மார்க் குறைஞ்சா வளையத்தைப் பரண்மேல போட்டுடுவேன்" என்றார். கெடிலம் பாலத்தின்மேல் குளிர்காற்று முகத்தில் அடித்தது. அப்பா வழியெல்லாம் பேசவில்லை. மைதானத்தில் என்னை இறக்கிவிட்டு, நான் வலை கட்டும் வரை நின்று பார்த்துவிட்டுப் போனார். தேர்வு நாட்கள் நீங்கலாக, அன்று முதல் இன்று வரை அது தொடர்கிறது. மதிப்பெண்ணும் குறையவில்லை என்பதைப் பெற்றோர்கள் கவனிக்கும்படி இங்கே பணிவுடன் தெரிவித்துக் கொள்கிறேன்!

இந்த ஆண்டுப் போட்டி கடலூரிலேயே நடந்தது. முதல் சுற்றில் 21-17, 18-21, 21-19 என்று வென்றேன். கடைசிப் புள்ளிக்கு வளையத்தை உயரத் தூக்கி எறிந்துவிட்டுக் காத்திருந்தேன். எதிரில் இருந்தவள் கை தவறிற்று. இரண்டாம் சுற்றில் தோற்றேன். ஆம், நிருபமாவைப் போலவே இரண்டாம் சுற்று! இந்த ஓர் ஒற்றுமையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் வீட்டில் பெருமை பேசினேன்.

ஆனால் அன்றைய தினத்தில் என் மனத்தில் நிற்பது அந்த வெற்றி அன்று. என்னிடம் தோற்ற பெண் மரத்தடியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கொண்டிருந்தாள். அவிழ்த்த கயிற்றையே மறுபடி மறுபடி இழுத்துக் கொண்டிருந்தாள். சிதம்பரத்தில் நான் செய்ததும் அதுதான். அருகில் போய் உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில், "அடுத்த வருஷம் வருவீங்கல்ல?" என்று கேட்டேன். அவள் முதலில் முறைத்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வருவேன்" என்றாள். அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தை இருவரும் பிரித்துச் சாப்பிட்டோம்.

அன்புத் தோழியரே! நம்மில் யாரும் மெல்போர்னுக்குப் போகாமலே இருக்கலாம். ஆனால் கணக்கிலோ, பாட்டிலோ, ஓட்டத்திலோ, வீட்டுக் கஷ்டத்திலோ தோற்காதவர் இந்தப் பள்ளியில் ஒருவரும் இரார். 128 பேரில் 127 பேர் நம்மவர்களே. தோற்ற அன்று அழுவோம், அதில் வெட்கமில்லை. பிறகு துண்டை மடித்துப் பையில் வைத்து, தோளில் மாட்டிக்கொண்டு, அடுத்த ஊருக்கான பேருந்தில் ஏறுவோம். முதற்படி என்று நோட்டில் எழுதினோமே, அந்தப் படி அங்கேதான் இருக்கிறது.

— பதினோராம் வகுப்பு மாணவி